மணி நாலுக்கு மேல் என்ன சாப்பாடு?

(குடியாத்தத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, இடம் இல்லாமல் பின்னால் நிற்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் சோறு போடுவது பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1920-இல் நீதிக்கட்சி காலத்தில் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்தது. 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர்., பிறகு கலைஞர் ஆட்சியில் முட்டை, 2022-இல் காலை உணவு. ஒருத்தர் மூட்டிய அடுப்பை அடுத்தவர் அணைக்கவில்லை. இது கட்சிப் பேச்சு இல்லை, கணக்கு. அந்தக் கணக்கில் விடுபட்ட இரண்டு இடங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலாவது, சாயங்காலம். ஏழாம் வகுப்புப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மத்தியானம் முட்டையோடு நல்ல சாப்பாடு கிடைக்கிறது, மறுக்கவில்லை. நாலரைக்கு வீட்டுக்கு வருகிறாள். அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார். கட்டுக் கணக்கு முடியாமல் எழுந்திருக்க முடியாது. அஞ்சு ரூபாயை எடுத்துக் கொடுத்து, "கடையில ஏதாவது வாங்கித் தின்னுட்டு வந்து நூல் கட்டு" என்பார். அந்த அஞ்சு ரூபாய்க்குக் கிடைப்பது காற்றும் உப்பும் அடைத்த ஒரு பாக்கெட். ராத்திரிச் சாப்பாடு எட்டரை, ஒன்பது. வளர்கிற வயசில் எட்டு மணி நேரம் இப்படித்தான் போகிறது. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. சாயங்காலம் தெருத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். அருமையான ஏற்பாடு. ஆனால் திட்டத்தில் சாப்பாட்டுக்கு இடம் இல்லை. பசியோடு வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் பிள்ளைக்குக் கொட்டாவிதான் வரும்.

இரண்டாவது, கோடை. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா! ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்தைப் பூட்டும்போது சத்துணவுக் கூடத்தையும் பூட்டிவிடுகிறோம். அடுப்பு, அண்டா, தட்டு, சமைக்கத் தெரிந்த அம்மா எல்லாம் ஊரிலேயே இருக்க, சாப்பாடு மட்டும் ஜூன் வரை கிடையாது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இலேயே உத்தரவு போட்டது. அப்போது யோசிக்க முடிந்ததை எல்லா வருஷத்துக்கும், எல்லா ஊருக்கும் ஏன் யோசிக்கக் கூடாது?

அமெரிக்காவில் 1968-இல் சோதனையாக ஆரம்பித்து, 1975-இலிருந்து கோடை உணவுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். பூங்கா, நூலகம், தேவாலயம், இப்படி ஏதாவது ஓர் இடம். ஏழைகள் அதிகம் உள்ள பகுதியாக இருந்தால், பதினெட்டு வயசுக்குட்பட்ட யாரும் நேரே வந்து சாப்பிடலாம். பிள்ளை விண்ணப்பம் எழுத வேண்டாம், வருமானச் சான்றிதழ் காட்ட வேண்டாம். பள்ளி விட்டபின் நடக்கும் வகுப்புகளுக்கும் தனியாக உணவு உண்டு. அதற்கு ஒரு நிபந்தனை: அங்கே படிப்போ, விளையாட்டோ, கைவேலையோ ஏதாவது நடக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இந்த நிபந்தனைதான். வெறுமனே தட்டை ஏந்தி வரிசையில் நிற்க வளர்ந்த பையன் கூச்சப்படுவான். கேரம் ஆட வந்த இடத்தில் சுண்டல் கொடுத்தால் சாப்பிடுவான். எட்டாவது, ஒன்பதாவது பையன்களை வைத்து மேய்த்தவர்களுக்கு இது தெரியும்.

"லீவில் கூடப் பிள்ளைகளை விடமாட்டீர்களா?" என்று முன்வரிசையில் ஓர் ஐயா முணுமுணுத்தது காதில் விழுந்தது. ஐயா, நான் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கச் சொல்லவில்லை. ஊர் நூலகத்தில் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை கதை, ஓவியம், சதுரங்கம். கிளம்பும்முன் சாப்பாடு. அவ்வளவுதான்.

என்ன போடுவது? பிஸ்கட் வேண்டவே வேண்டாம். நம் மண்ணில் விளைவதே போதும். நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை போட்டு அடை தட்டலாம். மல்லாட்டையில், அதாவது நிலக்கடலையில், கிட்டத்தட்ட கால் பங்கு புரதம், அவித்துக் கொடுத்தால் போதும். காராமணிச் சுண்டல் இருக்கிறது. வெயிலுக்குக் கூழும் மோரும். இலவம்பாடிக் கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம் என்று பெருமை பேசுகிறோம். அந்தக் கத்திரிக்காய் சாம்பாரில் கொஞ்சம் நம் பிள்ளைகளின் தட்டிலும் விழட்டுமே.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். இதை ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் சத்துணவு ஊழியர் தலையில் சேவை என்ற பெயரில் கட்டக் கூடாது. மே மாதம் சமைத்தால் மே மாதத்துக்குக் கூலி. சமையலுக்கு ஆள், காஸ், பருப்பு, ஒரு நாளைக்குத் தட்டுக்கு என்ன ஆகும் என்று எழுதி, அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வைப்போம். பீடி சுற்றும் தெருக்களிலிருந்தும், ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை பக்கத்திலிருந்தும் ஆரம்பிக்கலாம் என்பது என் யோசனை. அந்தத் தெருக்காரர்கள் இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள். உங்கள் பக்கம் எந்த இடம், எந்த நேரம் சரிப்படும் என்று இப்போது நீங்கள் சொல்லுங்கள், நான் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.