ரங்கநாதனே ராஜினாமா செய்த வேலை ஐயா இது!

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் சக நூலகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'கல்லூரி நூலகர் பணியில் மிஞ்சுவது மனநிறைவா, மனக்குறையா?' என்பது தலைப்பு. மனக்குறைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். அதற்காக இந்த வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிடிக்காமல் இருந்தால் சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். பிடித்துத் தொலைத்ததால்தான் இவ்வளவு வயிற்றெரிச்சல்.

எனக்கு முன் பேசிய சகோதரி, இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனைத் துணைக்கு அழைத்தார். இன்று ஆகஸ்ட் 12, அவர் நினைவாகக் கொண்டாடும் நூலகர் தினம், அழைக்கத்தான் வேண்டும். 'கணக்கு வாத்தியாராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார், அதிலேயே மனம் நிறைந்தார்' என்றார். நடுவில் கொஞ்சத்தை விட்டுவிட்டார். சேர்ந்த புதிதில், ஆள் அரவமில்லாத அந்த இடத்தில் உட்கார முடியாமல், பழைய வேலைக்கே வந்துவிடுகிறேன் என்று மாநிலக் கல்லூரியில் போய் நின்றவர் அவர். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். அங்கே நூலகங்கள் நடக்கிற அழகைப் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. நம்மை எங்கே அனுப்புகிறார்கள்? தேர்வு அறைக் கண்காணிப்புக்கு! 'சார், நீங்க சும்மாதானே இருக்கீங்க?'

இன்னும் கேளுங்கள். 20 ஆண்டு உழைத்தவர், புதிதாக வந்த துணைவேந்தரோடு ஒத்துப்போக முடியாமல் ராஜினாமா செய்தார். 1945-இல் காசிக்குப் போனார். காசிக்குப் போனால் எதையாவது விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்கள். அவர் இந்த வேலையை மட்டும் விடவில்லை. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைத் தானே வகைப்படுத்தினார். வேலை அவருக்கு இனித்தது, நடுவர் அவர்களே. சென்னையில் இருக்கவிட்டார்களா?

சம்பளம் சமம் என்றார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதிப்படி சமம்தான்: உதவிப் பேராசிரியருக்கும் கல்லூரி நூலகருக்கும் தொடக்கம் 57,700 ரூபாய். செல்ஃப் பைனான்ஸ் கல்லூரி நூலகர்கள் அந்தப் பக்கம் சிரிக்கிறார்கள், பாருங்கள்.

கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வந்த நாளைச் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கே ஐம்பது பிள்ளைகளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். ஆளுக்கொரு புத்தகம். பி.காம். பையன் ஒருவன் கனிம வேதியியலைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். நான் போய்த் திருப்பி வைத்தேன். அன்றைக்கு நான் பார்த்த நூலகப் பணி அது ஒன்றுதான். மற்ற நாளில் பிள்ளைகள் வருவது எப்போது தெரியுமா? வகுப்பில் பேசினால், 'எழுந்து லைப்ரரிக்குப் போ' என்று வாத்தியார் துரத்தும்போது. தண்டனைக் கூடத்துக்கு நான் வார்டன்!

நிறைவே இல்லையா என்றால், உண்டு. கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் இணையதளத்தில் நுழையத் தெரியாமல் தவித்த ஒரு மாணவிக்கு, அவள் தேடிய கட்டுரையை எடுத்துக் கொடுத்தேன். 'இது நம்ம காலேஜ்லயே கிடைக்குமா சார்?' என்று கேட்டாளே, அந்தப் பத்து நிமிடத்தை நான் மறுக்கவில்லை. மீதி ஏழு மணி நேரத்துக்கு எதிரணி என்ன பதில் வைத்திருக்கிறது?

கடைசியாக ஒன்று. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளே, ஓராண்டில் புழங்கும் ஆயிரம் நூல்களுக்கு 5 காணாமல் போவது இயல்பு என்கின்றன, கவனக்குறைவோ நேர்மைக்கேடோ இல்லாதவரை. நான் முதலில் வேலை பார்த்த தனியார் கல்லூரிக்கு அந்த விதியெல்லாம் எட்டவில்லை. ஸ்டாக் எடுத்தபோது ஒரு பொருளாதார நூல் குறைந்தது; என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். நாலு வருஷம் கழித்து ஒரு நடைபாதைக் கடையில் அதே நூலைப் பார்த்தேன். முன்பக்கத்தைக் கிழித்திருந்தான், முத்திரையைச் சுரண்டியிருந்தான். ஆனால் உள்ளே ஒரு பக்கத்தை ரகசியப் பக்கமாக வைத்து, நூலகப் பதிவேட்டில் அந்த நூலுக்குக் கொடுத்த வரவு எண்ணை அதிலும் எழுதி வைப்போமே, அது திருடனுக்குத் தெரியாது. திருப்பிப் பார்த்தேன், என் கையெழுத்தில் வரவு எண் அப்படியே இருந்தது. கடைக்காரர் அறுபது ரூபாய் சொன்னார், பேரம் பேசி நாற்பதுக்கு வாங்கினேன். இரண்டு தடவை பணம் கட்டிய புத்தகம் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நன்றி, வணக்கம்.