கலைச் சுவையை வளர்ப்பது குடும்ப உலாவே: பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, எதிரணி அன்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கிக் குழந்தைகளோடு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். "சென்னைக் குழந்தைகளிடம் கலைச் சுவையைப் பெரிதும் வளர்ப்பவை கலை வகுப்புகளா? குடும்ப உலாக்களா?" என்னும் இன்றைய தலைப்பில், குடும்ப உலாக்களே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர் இரண்டு செய்திகளை அழுத்தமாகச் சொல்லிச் சென்றார். முறையான பயிற்சி இல்லாமல் எந்தக் கலையும் கைவராது என்பது ஒன்று. உலா என்று கிளம்பும் இன்றைய குடும்பம் கடைசியில் வணிக வளாகத்தின் உணவுக்கூடத்தில்தான் போய் நிற்கும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு அரங்கில் நல்ல கைதட்டல் கிடைத்தது, நானும் தட்டினேன். ஆனால் வணிக வளாகத்துக்குப் போவது கடைக்குப் போவதுதான். அதற்காக எங்கள் அணியில் யாரும் பரிந்து பேசவில்லை, பேசப்போவதும் இல்லை.

முதல் வாதம் கனமானது. வீணையோ மிருதங்கமோ நாட்டியமோ, ஆசிரியர் முன் அமர்ந்து ஆண்டுக்கணக்கில் பழகினால்தான் வரும் என்பதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். அரசின் கலை பண்பாட்டுத் துறையின்கீழ் இயங்கும் ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணத்தில் பாட்டும் பரதமும் ஓவியமும் சொல்லித்தருவதை எதிரணித் தோழர் எடுத்துக்காட்டினார். நல்ல அமைப்பு, பலருக்குத் தெரியாத அமைப்பு. அதை இந்த மேடையில் சொன்னதற்காக அவருக்கு நன்றி. ஆயினும் கலைஞர் எப்படி உருவாகிறார் என்று தலைப்பு நம்மிடம் கேட்கவில்லை, நடுவர் அவர்களே. சுவை எப்படி வளர்கிறது என்றுதான் கேட்கிறது. வகுப்புக்குப் போகும் நூறு பிள்ளைகளில் கலையைத் தொழிலாகக் கொள்ளப்போகிறவர் மிகச் சிலரே. மற்றவர்கள் எல்லாரும் நாளைக்கு இந்த நகரத்தின் பார்வையாளர்களாகவும் கேட்பவர்களாகவும் இருக்க வேண்டியவர்கள். அவர்களை எது உருவாக்குகிறது என்பதே என் கேள்வி.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். 1851இல் தொடங்கப்பட்டுப் பின்னர் எழும்பூருக்கு இடம் மாறிய அந்த அருங்காட்சியகத்துக்கு மின்சார ரயிலில் இறங்கி நடந்தே போய்விடலாம். வார விடுமுறை வெள்ளிக்கிழமை. அங்குள்ள செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவெண்காட்டில் கிடைத்த சோழர் கால அர்த்தநாரீசுவரர் நிற்கிறார். பெரியவர்கள் அந்த உருவத்தின் அழகைப் பார்ப்பார்கள். குழந்தை கைகளை எண்ணும். ஒரு பக்கம் இரண்டு கை, மறுபக்கம் ஒரு கை. "அப்பா, ஒரு கை எங்கே போயிற்று?" என்று கேட்கும். அப்பாவுக்கு உடனே விடை தெரிந்திருக்காது. ஆனால் இருவரும் அங்கேயே நின்று யோசித்தால், சிவனுக்கு நான்கு கை, உமைக்கு இரண்டு கை, ஆகவே பாதிக்கு இரண்டும் பாதிக்கு ஒன்றுமாக மூன்றுதான் வர வேண்டும் என்று கணக்கு கூடிவிடும். அந்தக் கணக்கு கூடிய நொடியில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதை வார்த்த சிற்பி எப்படிச் சிந்தித்திருப்பான் என்பது குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. பிறகுதான் ஒரு தோளின் அகலமும் மறுபக்க இடையின் வளைவும் அதன் கண்ணில் படுகின்றன. ஓவிய வகுப்பில் இதே குழந்தைக்கு அச்சடித்த பிள்ளையார் உருவம் தரப்படுகிறது. கோட்டுக்கு வெளியே வண்ணம் போகாமல் தீட்டினால் ஒரு நட்சத்திரம் கிடைக்கும். எல்லா வகுப்பும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை; இப்படி நடக்கும் வகுப்புகள் நம் தெருவுக்குத் தெரு இருப்பதை எதிரணியும் மறுக்காது.

இன்னொன்றையும் பாருங்கள். அருங்காட்சியகத்தில் குழந்தையோடு சேர்ந்து அப்பாவும் கற்றுக்கொண்டார். வகுப்பு நடக்கும் நேரத்தில் அவர் எங்கே இருப்பார்? வாசலில் ஸ்கூட்டர்மேல் அமர்ந்து கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருப்பார். சனிக்கிழமை காலை கீபோர்டு, மாலை பரதம், ஞாயிறு காலை அபாகஸ் என்று கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவதிலேயே வார இறுதி கரைந்துபோகிறது. 'இப்போதுள்ள பெற்றோருக்கு உலா போக நேரம் ஏது?' என்று கேட்கிறவர்கள் அந்த வாசல் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் யாரும் பாட்டுக் கேட்பதில்லை, கண்காட்சிக்குப் போவதில்லை. ஆனால் பிள்ளை மட்டும் கற்க வேண்டும் என்றால், கலை என்பது பெரியவர்களுக்குத் தேவைப்படாத ஒன்று, பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டிய ஒன்று என்பதைத்தான் அந்தப் பிள்ளை முதலில் கற்றுக்கொள்கிறது. அப்படியே நிறுத்தியும் விடுகிறது.

மார்கழி இசை விழாவுக்கு வருகிறேன். சென்னையின் சபாக்கள் பலவற்றில் பகல் நேரக் கச்சேரிகள் இலவசம். வளரும் இளங்கலைஞர்கள் பாடும் நேரம் அது. இந்த நகரத்தில் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் பாட்டு வகுப்புக்குப் போகிறார்கள்! அவர்களில் பாதிப் பேர் வந்தாலே அரங்குகள் கொள்ளாது. ஆனால் பகல் கச்சேரிக்குள் நுழைந்து பாருங்கள்: முன் வரிசையில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலர், பக்கவாத்தியக்காரரின் உறவினர்கள், அப்புறம் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். கேன்டீனில் மட்டும் இடம் கிடைக்காது. பாடக் கற்றுத்தந்த வகுப்புகள் கேட்கக் கற்றுத்தரவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தாளம் போடுவது வகுப்பில் குழந்தைக்கு ஒரு தண்டனை மாதிரி இருக்கும். அதே குழந்தை பெற்றோர் நடுவே அமர்ந்து, தாளக் கருவிகள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தைக் கேட்கட்டும். மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் போட்டி சூடு பிடிக்கும்போது, பக்கத்து நாற்காலியில் இருக்கும் முன்பின் தெரியாத பாட்டியின் கை, தான் வகுப்பில் போட்ட அதே தாளத்தைத் தொடைமேல் போட்டுக்கொண்டிருப்பதை அது பார்க்கும். தன் கையையும் சேர்த்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் அலுத்துவிட்டால் எழுந்து போய் அடை அவியல் சாப்பிடட்டும். அதில் ஒரு குற்றமும் இல்லை.

நாட்டிய வகுப்பில் மல்லாரி என்று ஓர் உருப்படி உண்டு. ஒலிப்பதிவை ஓடவிட்டு அடவு பழகுவார்கள். அந்த இசை எதற்காகப் பிறந்தது என்பதை மயிலாப்பூர் மாட வீதியில் பங்குனிப் பெருவிழாவின்போது பார்க்கலாம். சுவாமி புறப்படும் வேளையில் தவிலும் நாகசுரமும் முழங்க, முதலில் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை, சற்று நேரத்தில் அப்பாவின் தோளில் அமர்ந்தபடியே அவர் தலையில் தாளம் தட்டத் தொடங்கிவிடும். எட்டாம் நாள் அறுபத்துமூவர் விழாக் கூட்டத்துக்குக் கைக்குழந்தையோடு போகச் சொல்லமாட்டேன். மற்ற நாள்களின் இரவுப் புறப்பாடே போதும். செலவு நீர்மோருக்குக்கூட இல்லை, அதையும் பந்தலில் கொடுத்துவிடுவார்கள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கிவரும் தட்சிணசித்ரா என்னும் தென்னிந்திய மரபு அருங்காட்சியகத்தையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீடும் கேரள வீடும் கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடும் பிரித்துக் கொண்டுவரப்பட்டு அங்கே மீண்டும் எழுப்பப்பட்டிருக்கின்றன. அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு, தொலைவும் அதிகம். அடிக்கடி போக முடியாதுதான். ஆனால் குயவர் சக்கரத்தில் கை வைத்து, சட்டி ஒரு பக்கம் சாய்ந்து விழுவதைப் பார்த்த குழந்தை, அதற்குப் பிறகு வீட்டில் இருக்கும் மண்பானையை வேறு கண்ணோடு பார்க்கும்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே, முடித்துக்கொள்கிறேன். எதிரணியின் அடுத்த பேச்சாளர் ஒரு பாட்டு ஆசிரியர் என்று அறிகிறேன். அவரிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. உங்கள் வகுப்பின் ஆண்டு விழாவில், தங்கள் பிள்ளை மேடையேறும் நாளில், குடும்பம் குடும்பமாக வந்து அரங்கை நிறைக்கிறார்களே, அந்தப் பெற்றோர்கள், நீங்கள் தனியே கச்சேரி செய்த நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எத்தனை பேர் வந்தார்கள்? அந்த எண்ணிக்கையை இந்த அவையில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.