தடைப்பட்டியலில் ஏறிய மின்னஞ்சல் சர்வரை எப்படி மீட்கிறார்கள்?

[திரையில்: கம்பம்–குமுளி மலைச்சாலை, ஏலக்காய் மூட்டைகள் ஏற்றிய லாரிகள்]

புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் எடுக்கும் குமுளி வியாபாரி ஒருவர், வெளிமாநிலத்தில் இருக்கும் தம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய பில்கள் அனைத்தும், ‘அஞ்சல் ஏற்கப்படவில்லை’ என்று பொருள்படும் 550 என்ற எண்ணோடு திரும்பி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவர் தவறேதும் செய்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு மின்னஞ்சல் சேவை தரும் நிறுவனத்தின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதன் சர்வரை அடையாளம் காட்டும் எண், ஸ்பேம் தடைப்பட்டியலில் ஏறியிருக்கிறது. ஒரே ஐபி முகவரி வழியாக நூற்றுக்கணக்கானோரின் அஞ்சல்கள் செல்வதால், ஒரு மூட்டையில் கடத்தல் சரக்கு இருந்தால் செக்போஸ்டில் லாரி முழுவதும் நிற்பதைப் போல, எல்லோருடைய அஞ்சலும் நிற்கிறது.

[திரையில்: இரண்டு சர்வர்கள், நடுவில் ஒரு பட்டியல்]

1997இல் பால் விக்ஸி தொடங்கிய பட்டியலே இவ்வகையில் முன்னோடி. அடுத்த ஆண்டு ஸ்டீவ் லின்ஃபோர்டு, இத்தகைய பட்டியல்களை வெளியிடும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பைத் தொடங்கினார். அஞ்சலைப் பெறும் சர்வர், அனுப்பும் சர்வரின் ஐபி முகவரியைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி எழுதி, அதைப் பட்டியலின் பெயரோடு சேர்த்து, இணையப் பெயர்களுக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் அமைப்பு வழியாகக் கேட்கிறது. 127.0.0.2 போன்ற பதில் வந்தால் அந்த முகவரி பட்டியலில் இருக்கிறது என்று பொருள். கடைசி எண் காரணத்தைச் சொல்லும். பட்டியல் தானாக எந்த அஞ்சலையும் தடுப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தடுப்பது, அந்தப் பட்டியலை நம்பும் பெறுநர் சர்வர்தான்.

ஆகவே, சேவை நிறுவனம் முதலில் பார்ப்பது எந்தப் பட்டியல், என்ன காரணம் என்பதையே. ஸ்பாம்ஹாஸின் பிபிஎல் பட்டியலில் இருப்பது குற்றச்சாட்டே அல்ல. வீட்டு பிராட்பேண்ட் போன்ற, நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத முகவரிகளின் தொகுப்பு அது. எக்ஸ்பிஎல் பட்டியலில் இருந்தால் மால்வேர் புகுந்த கணினி ஒன்று இருக்கக்கூடும். எஸ்பிஎல் என்றால், ஸ்பேம் அனுப்பும் முகவரி என்றே பதிவாகியிருக்கிறது; நிலைமை தீவிரமானது. பெயரை நீக்கப் பணம் கேட்கும் பட்டியல்களும் உண்டு; அந்த வழக்கம் தவறானது என்பதை 2012இல் வெளியான, இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையைச் சேர்ந்த ஆர்எஃப்சி 6471 ஆவணமே எடுத்துரைக்கிறது.

[திரையில்: சர்வர் லாக், திடீரென உயரும் அஞ்சல் வரிசை]

உண்மையான வேலை இனிமேல்தான் தொடங்குகிறது. அஞ்சல் வரிசை எந்த நேரத்தில் வீங்கியது, எந்தக் கணக்கு ஒரே மணி நேரத்தில் பல நாடுகளிலிருந்து லாகின் ஆனது, எந்த இணையதளத்தின் பழைய தொடர்புப் படிவம் வழியாக ஸ்பேம் வெளியேறியது என்று லாக்குகளை, அதாவது சர்வரின் பதிவேடுகளை, புரட்டித் தேட வேண்டும். பெரும்பாலும் பாஸ்வேர்டு திருடப்பட்ட ஒரே ஒரு கணக்குதான் காரணமாக இருக்கும். அதை முடக்கி, திறந்திருக்கும் லாகின்களைத் துண்டித்து, வரிசையில் தேங்கிய ஸ்பேமையும் அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால், பெயர் நீங்கிய மறுகணமே அந்தக் குப்பை வெளியேறி, முகவரி மீண்டும் பட்டியலுக்குள் போய்விடும். ஒரு கணக்கு மணிக்கு எத்தனை அஞ்சல் அனுப்பலாம் என்ற வரம்பையும் அப்போதே விதிப்பது நல்லது.

இதற்குப் பிறகுதான் நீக்கக் கோரிக்கை. ஸ்பாம்ஹாஸ் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஸ்பேம்காப் பட்டியலில் புதிய புகார் வராவிட்டால் பெயர் ஏறக்குறைய ஒரு நாளில் தானே விலகிவிடும். ஓட்டையை அடைக்காமல் மீண்டும் மீண்டும் விண்ணப்பிப்பவர்மீது நம்பிக்கை குறைவது இயல்பே.

சில நிறுவனங்கள் ஓட்டையைத் தேடாமல் வேறு ஐபி முகவரிக்குத் தாவுகின்றன. இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். புதிய முகவரிக்கு நற்பெயர் எதுவும் இல்லாததால், அதன் வழியே சிறுகச் சிறுக அஞ்சல் அனுப்பித்தான் நம்பிக்கையைச் சேர்க்க முடியும். திருடப்பட்ட கணக்கோ அங்கும் கூடவே வருகிறது, விளைவாக நிறுவனத்தின் முகவரித் தொகுதி முழுவதுமே பட்டியலில் ஏறக்கூடும்.

[திரையில்: ஜிமெயில் இன்பாக்ஸ், ஸ்பேம் பெட்டி]

ஜிமெயில் போன்ற பெரிய சேவைகள் தங்களுடைய சொந்த மதிப்பீட்டையும் வைத்திருப்பதால், பொதுப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியும் அஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். ஒரு நாளில் 5000க்கு மேல் அஞ்சல்களை ஜிமெயிலுக்கு அனுப்புவோர், அஞ்சல் உண்மையிலேயே அந்த நிறுவனத்தின் பெயரில்தான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்றும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்றும் 2024 பிப்ரவரி முதல் விதி உள்ளது.

குமுளி வியாபாரி செய்ய வேண்டியது, திரும்பி வந்த அஞ்சலின் முழு வாசகத்தையும் வெட்டாமல் தம் சேவை நிறுவனத்திற்கு அனுப்புவது. பட்டியலின் பெயரும் ஐபி முகவரியும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். “பெயரை நீக்கிவிட்டோம்” என்ற பதில் வந்தால், ஸ்பேம் எங்கிருந்து வெளியேறியது, அந்த வழி அடைக்கப்பட்டதா என்ற இரண்டையும் அவர் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.