சிவப்புத் திரைக்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். பள்ளிக் கணினிகளில் வேண்டாத தளங்களைத் தடுப்பது பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தடுக்கத்தான் வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை கைதவறித் தட்டினால்கூட ஆபாசப் படத்தில் போய் விழக்கூடாது. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. தடுத்த பிறகு அந்தப் பிள்ளையை யார் கவனிக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

சில வருஷத்துக்கு முன், ஒரு மதியம், லேபில் பத்தாம் வகுப்பு. கடைசி வரிசையில் ஒரு மாணவி சட்டென்று மானிட்டரை அணைத்தாள். பக்கத்தில் போனேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது. “நான் ஒண்ணும் தப்பாப் பாக்கல மிஸ்” என்றாள். மானிட்டரைப் போட்டுப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பு. ஆபாசத் தளம், தடுக்கப்பட்டது, உங்கள் செயல் பதிவாகியுள்ளது என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து. பிள்ளையின் கையில் நான்காக மடித்த ஆஸ்பத்திரிச் சீட்டு. அவள் அம்மாவுக்கு மார்பில் கட்டி. சீட்டில் டாக்டர் எழுதியிருந்த ‘பிரெஸ்ட் லம்ப்’ என்ற இரண்டு சொல்லை அப்படியே பார்த்துத் தட்டியிருக்கிறாள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் என் போனில் இரண்டு பேருமாகப் படித்தோம். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை என்ற வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். அந்த ஒரு வரியைத்தான் எங்கள் லேப் அவளுக்குக் காட்ட மறுத்தது.

இது இன்று நேற்று வந்த கோளாறு இல்லை. 1996-இல் இங்கிலாந்தில் ஸ்கன்தார்ப் என்ற ஊர்க்காரர்கள் ஏஓஎல் என்ற இணைய நிறுவனத்தில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். ஊர்ப் பெயரின் நடுவில் ஒரு கெட்ட வார்த்தையின் எழுத்துகள் வரிசையாக வருகின்றன, அதனால் தடை! சொல்லைப் பார்த்துத் தடுத்தால் இப்படித்தான் ஆகும். நம் பக்கம் இன்னொரு கூத்தும் உண்டு. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் வசவு அதே லேபில் தடையில்லாமல் போய்வரும். அம்மாவின் நோய்க்குச் சிவப்புத் திரை, வசவுக்குத் திறந்த கதவு.

சரி, சொல்லை விட்டுவிட்டுத் தளத்தைப் பார்த்துத் தடுக்கலாமே என்பீர்கள். இப்போது பெரும்பாலான தளங்கள் ஒட்டிய தபால் உறை மாதிரி. உறைமேல் முகவரி தெரியும், உள்ளே இருக்கும் கடிதம் தெரியாது. அதனால் தளங்களைத் தடுக்கும் சாதாரண வடிகட்டி மென்பொருளுக்கு ஒரு தளத்தை மொத்தமாக மூடவோ மொத்தமாகத் திறக்கவோதான் முடியும். யூடியூபை மூடினால் கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் சேர்ந்து போகும். யூடியூபைத் திறந்து வைத்தே, பிள்ளைகளுக்கு ஒவ்வாத வீடியோக்களை மறைக்கும் கட்டுப்பாட்டுப் பயன்முறையைப் பள்ளி முழுக்கப் பூட்டிவிட வழி இருக்கிறது, கமென்டுகளும் மறைந்துவிடும். கூகுளின் பாதுகாப்பான தேடலையும் அப்படியே பூட்டலாம். இதற்குத் தனிச் செலவும் இல்லை.

நான் செய்தது சின்ன வேலை. லேப் கதவோரம் ஆணியில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். எந்தப் பக்கம் திறக்கவில்லையோ அதை எழுத வேண்டும், பேர் எழுத வேண்டாம். சனிக்கிழமைதோறும் நானே ஒவ்வொன்றாகப் பார்த்துத் திறப்பேன். சிவப்புத் திரையின் வாசகத்தையும் தமிழில் மாற்றினோம்: “இந்தப் பக்கம் இங்கே திறக்காது. உன் மேல் தப்பில்லை. வேணும்னா டீச்சரிடம் சொல்லு.” திறக்கிற பாஸ்வேர்டு எங்கோ நகரத்தில் ஒரு இன்ஜினியரிடம் இருக்கக்கூடாது, பள்ளியிலேயே இருக்க வேண்டும். தலைமை ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் பள்ளியில் அது யாரிடம் இருக்கிறது என்று நாளைக்கே விசாரியுங்கள்.

வீட்டு செல்போனைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். ஒன்று மட்டும். நெட்டில் யாராவது பிள்ளையை மிரட்டினால், படம் கேட்டால், 1098-க்குக் கூப்பிடுங்கள். சிறார் உதவி எண், காசில்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள். பத்து, தொண்ணூற்றெட்டு. நன்றி, வணக்கம்.