துனிசியாவில் விட்டுக்கொடுத்தவர்கள்

அவையோருக்கு வணக்கம்.

இஸ்லாமும் ஜனநாயகமும் என்ற தலைப்பைச் சொன்னதும் எந்த மேடையிலும் முதலில் எழும் கேள்வி, இரண்டும் ஒத்துப்போகுமா என்பது. ஷூரா என்றாலே கலந்தாலோசனைதானே, அதுவே மக்களாட்சிக்கு வித்து என்பார் ஒருவர். சட்டம் இறைவனுடையது, கையைத் தூக்கி அதை மாற்ற மனிதன் யார் என்பார் இன்னொருவர். இருவருக்கும் ஆதாரங்கள் கிடைக்கும். பேச்சு விடிய விடிய நடக்கும். அந்த வழக்கை நான் இன்று தொடப்போவதில்லை. உங்களை வட ஆப்பிரிக்காவின் துனிசியாவுக்கு அழைத்துப் போகிறேன்.

2010 டிசம்பர் 17. சிதி பூசித் என்ற உள்நாட்டு ஊர். தள்ளுவண்டியில் பழம் விற்றுவந்த முகமது பூஅசீசி என்ற 26 வயது இளைஞரின் தராசை நகராட்சி அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள். எடை போடத் தராசு இல்லாத பழக்காரர் என்ன செய்வார்? முறையிடப் போனார். கேட்க ஆளில்லை. அரசு அலுவலகத்தின் முன்னால் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். ஜனவரி 4ஆம் தேதி உயிர் பிரிந்தது. பத்தே நாளில், 23 ஆண்டுகள் ஆண்ட அதிபர் பென் அலி சவூதி அரேபியாவுக்கு ஓடினார். தெருவில் மக்கள் முழங்கியது வேலை, சுதந்திரம், தேச மாண்பு. கலீபாவின் ஆட்சியான கிலாபத்தும் அதில் இல்லை, மதச்சார்பின்மையும் இல்லை.

ஆனால் ஒரு சர்வாதிகாரி ஓடிவிட்டால் ஜனநாயகம் வந்துவிடுமா? எகிப்திலும் அதிபர் முபாரக் வீழ்ந்தார்; இரண்டரை ஆண்டில் ராணுவம் திரும்ப வந்து உட்கார்ந்தது. துனிசியாவால் மட்டும் ஏன் அதைவிட நெடுந்தூரம் போக முடிந்தது? அதற்கு 2005ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி எட்டுப் பேர் பென் அலி ஆட்சியை எதிர்த்துத் தலைநகர் துனிஸில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். கம்யூனிஸ்டும் இருந்தார், தாராளவாதியும் இருந்தார், இஸ்லாமியவாதியும் இருந்தார். ஒருவர் நிழல் மற்றவர்மேல் படக்கூடாது என்று நினைத்துவந்தவர்கள் ஒரே அறையில் பட்டினி கிடந்தார்கள். பிறகு அந்தக் கூட்டணி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பேசியது. பெண்ணுக்குச் சம உரிமை உண்டா? ஒருவர் மதத்தை விட்டு விலகலாமா? வாய்ச்சண்டைக்குக் குறைவில்லாத கேள்விகள். அவற்றுக்குக் கூட்டாக உடன்பாடு எழுதினார்கள். புரட்சிக்கு முன்பே நடந்த இந்தப் பேச்சுதான் பின்னால் கை கொடுத்தது என்பது என் உறுதியான கருத்து.

2011 அக்டோபர் தேர்தலில் 217 இடங்களில் 89ஐ வென்று ராஷித் கன்னூஷியின் இஸ்லாமியவாதக் கட்சியான அந்நஹ்தா முதலிடம் பிடித்தது. அரசியல் சாசனத்தில் ஷரீஅத்தை எழுதியாக வேண்டும் என்று அந்தக் கட்சிக்குள்ளேயே அழுத்தம். நாடு பிளக்கும் என்று கண்டதும் கட்சி அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. 'நாட்டின் மதம் இஸ்லாம்' என்ற 1959இன் பழைய வாசகமே போதும் என்றது. 2012இல் சாசன வரைவு ஒன்று, குடும்பத்தில் ஆணுக்கு நிறைவு சேர்ப்பவள் பெண் என்ற பொருளில் எழுதப்பட்டது. ஆகஸ்ட் 13 பெண்கள் தினத்தன்று ஆயிரக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் சொல் போனது, சமத்துவம் வந்தது.

2013இல் இரண்டு இடதுசாரித் தலைவர்கள், பெலயீதும் பிராஹ்மியும், சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பிராஹ்மி கொல்லப்பட்டது, எகிப்தில் இஸ்லாமியவாத அதிபர் முர்ஸி கவிழ்ந்த அதே கோடைக்காலம். அந்நஹ்தா பயந்துதான் இறங்கிவந்தது என்கிறார்கள். பயமும் இருந்தது, ஏன் மறுக்க வேண்டும்? பயந்தவர்கள் துப்பாக்கியைத் தேடிய நாடுகளையும் நாம் பார்த்திருக்கிறோமே! இங்கே தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும், மனித உரிமைக் கழகமும் வழக்கறிஞர் சங்கமும் நடுவே உட்கார, ஆளுங்கட்சி நாற்காலியை விட்டு எழுந்தது. 2014 ஜனவரி 26 இரவு சாசனம் நிறைவேறியது. வாக்களித்த 216 பேரில் 200 பேர் ஆதரவு. நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூடக் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் என் மனம் கனக்கிறது. பழக்காரரின் தராசு எழுப்பிய கேள்விக்கு அந்தச் சாசனத்தால் பதில் தர முடியவில்லை. வேலை வரவில்லை, விலை ஏறியது, ஆட்சிகள் மாறிக்கொண்டே இருந்தன. பத்தாண்டில் பெரும்பகுதி ஆட்சியில் பங்கு வகித்த அந்நஹ்தாவுக்கும் அதில் பொறுப்பு உண்டு. 2021 ஜூலை 25 இரவு அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். சபாநாயகராக இருந்த கன்னூஷி நள்ளிரவுக்குப் பின் வாசலுக்கு வந்தார். மூடிய கதவுக்குப் பின்னால் நின்ற ராணுவம் உள்ளே விடவில்லை. அதே இரவில் தெருக்களில் மக்கள் கொண்டாடினார்கள். அதைத்தான் நாம் மறக்கக் கூடாது.

சயீத் அரசியல் சாசனச் சட்டம் கற்பித்த ஆசிரியர். இஸ்லாமியக் கட்சிக்காரர் அல்லர். அவர் எழுதிய 2022 சாசனத்தின் 5ஆம் பிரிவு, இஸ்லாத்தின் நோக்கங்களை நிறைவேற்றும் பொறுப்பு அரசுக்கு மட்டுமே என்கிறது. இஸ்லாமியவாதிகள் விட்டுக்கொடுத்ததை, அவர்களை வீழ்த்தியவர் எழுதிக்கொண்டார். அதை நம்பித்தான் எழுதினாரா என்று நான் ஆராயவில்லை. மதத்தின் பெயரை ஒருவர் கையில் எடுக்கும்போது, யாருடைய அதிகாரம் கூடுகிறது என்று பாருங்கள்.

2023 ஏப்ரலில், ரமலான் மாத மாலை ஒன்றில், 81 வயது கன்னூஷியை வீட்டிலிருந்து கைது செய்து கொண்டுபோனார்கள். 2005இல் பட்டினி கிடந்த எட்டுப் பேரில் ஒருவரான மதச்சார்பற்ற தலைவர் அகமது நஜீப் ஷெப்பிக்கும் 2025இல் சிறைத்தண்டனை விதித்தார்கள்.