புயலுக்கு முன்னே ஓடிவரும் கதிர்கள்

நண்பர்களே, வணக்கம்.

வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால், சென்னைக்காரர்களான நமக்குச் சில நாள் முன்பே தெரிந்துவிடுகிறது. சூரியன் வீசும் புயலுக்கு அந்த அவகாசம் இல்லை. அங்கிருந்து கிளம்பிய பிளாஸ்மா மேகம், அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களின் திரள், இங்கு வந்துசேரும் நேரத்தைக் கணித்தால் பல மணி நேரம் பிசகுகிறது. உறுதியாகச் சொல்பவை பூமியிலிருந்து சூரியனை நோக்கி 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் எல்1 என்னும் புள்ளியருகே இருக்கும் விண்கலங்கள்தாம். நம் ஆதித்யாவும் 2024 ஜனவரி முதல் அங்கேதான் இருக்கிறது. மேகத்தின் முன்னால் வரும் அதிர்வலை வினாடிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் அவற்றைக் கடந்தால், பிறகு நம் கையில் இருப்பது சுமார் 40 நிமிடம். 1989 மார்ச் 13-இல் இப்படியொரு சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணமே இருளில் மூழ்கியது. மின்சாரம் திரும்ப 9 மணி நேரமானது.

இன்னும் முன்கூட்டியே சொல்லக்கூடியவை காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து எந்நேரமும் பூமிக்கு வரும் ஆற்றல் மிகுந்த துகள்கள். அதிர்வலைக்குப் பின்னால் முறுக்கேறிய காந்தப்புலம் இருப்பதால் அவை உள்ளே எளிதில் நுழைவதில்லை. அங்கே அவற்றின் அடர்த்தி குறைவு. அந்தப் பகுதி பூமியைச் சூழும்போது கதிர்களின் எண்ணிக்கை சரிவதை அமெரிக்க இயற்பியலாளர் ஸ்காட் ஃபோர்புஷ் 1937-லேயே கவனித்தார். ஆனால் அது புயல் வந்துசேர்ந்த பிறகு தெரிவது. என்னை ஈர்ப்பது அதற்கு முந்தைய கட்டம்.

அடர்த்தி குறைந்த அந்தப் பகுதியிலிருந்து துகள்கள் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில், அதிர்வலையை முந்தி வருகின்றன. அப்போது ஒரு குறுகிய கூம்புக்குள், அந்தக் காந்தக் கோட்டின் திசையில் மட்டும், கதிர்கள் குறைவாகத் தெரியும். மற்றத் திசைகளில் வழக்கம்போல் இருக்கும். அதிர்வலை ஒன்றரைக் கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கும்போதே இதைக் கண்டால், கிடைப்பது ஏழு மணி நேரம்! மின்கட்டமைப்பைக் காப்பாற்ற அது தாராளம்.

இதற்குத் திசைவாரியாக எண்ணும் கருவி வேண்டும். ஊட்டியில் டாடா ஆதார ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 அதைத்தான் செய்கிறது. 560 சதுர மீட்டர் பரப்புள்ள அதன் மியூவான் தொலைநோக்கி, காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான் துகள்களை நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி எண்ணுகிறது. எத்தனை அதிகம் எண்ணுகிறோமோ, அத்தனை சிறிய குறைவும் கண்ணில் படும்.

எல்லா அதிர்வலையும் இப்படி முன்னறிவிப்பதில்லை. காந்தக் கோடு நம்மைத் தொட வேண்டும், அந்த நேரத்தில் கருவியும் அந்தத் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பூமி சுழல்வதால் ஒரே நிலையத்தால் அது முடியாது. ஜப்பானின் நகோயா, ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட், பிரேசில், குவைத் மியூவான் கருவிகள் ஒரே வலையமைப்பாக இயங்குவது அதனால்தான். ஊட்டியின் எண்ணிக்கையும் அவற்றோடு நிமிடத்துக்கு நிமிடம் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை.