வெளுத்துப்போன ஃபைபர்கிளாஸ் ட்ரெய்லருக்கு நிறத்தை மீட்பது எப்படி?

வணக்கம். திரையில் தெரியும் இந்த முட்டை வடிவ கேம்பர் ட்ரெய்லர், அதாவது காரின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி, 1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் உருவான போலர் (Boler) வகையைச் சேர்ந்தது. மேலோடு, கீழோடு என இரண்டு ஃபைபர்கிளாஸ் ஓடுகளைத் தனித்தனியே வார்த்து, இடுப்புப் பகுதியில் இணைத்திருக்கிறார்கள். இதன் வெளிநிறம் பிறகு அடித்த பெயிண்ட் அன்று. வார்ப்பதற்கு முன்பே அச்சுக்குள் பூசப்பட்ட, நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின் படலம். அதற்கு ஜெல்கோட் என்று பெயர். அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான் என்பதை வேலை முடியும்வரை மறக்கக் கூடாது.

இப்போது உள்ளங்கையால் பக்கவாட்டுச் சுவரை ஒருமுறை தடவுகிறேன். கையில் சாக்பீஸ் பிடித்ததுபோல வெள்ளைப் பொடி ஒட்டியிருப்பதைப் பாருங்கள். இது தூசி அன்று. வெயிலின் புற ஊதாக் கதிர்களால் சிதைந்த ஜெல்கோட்டேதான். சிதைந்த பரப்பில் நுண்ணிய குழிகள் உண்டாகி ஒளியைச் சிதறடிப்பதால்தான் நிறம் வெளுத்துத் தெரிகிறது.

அடுத்து ஈரத் துணியால் துடைக்கிறேன். காய்ந்த மண்பானையில் தண்ணீர் பட்டதுபோல, அடியிலிருந்த மஞ்சள் நிறம் சில நொடிகள் மேலே வந்துவிட்டு, ஈரம் உலர்ந்ததும் மறைந்துவிடுகிறது. ஈரத்தில் நிறம் திரும்பினால், பாலிஷ் வேலைக்குப் பலன் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். மாறாக, இழைகள் வெளியே தெரிந்தாலோ, ஆழமான வெடிப்புகள் இருந்தாலோ தேய்க்க வேண்டாம். அங்கே மீட்பதற்குப் படலம் மிஞ்சியிருக்காது.

சோப்பு நீரில் நன்றாகக் கழுவி, நிழலில் உலர்த்திய பிறகு, எடுத்ததுமே வாட்டர் பேப்பரை (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை) கையில் எடுக்காதீர்கள். முதலில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் ரப்பிங் காம்பவுண்டு என்னும் தேய்ப்புப் பசையும் கம்பளிப் பஃபும் கொண்டு, பாலிஷ் மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதிலேயே பளபளப்பு வந்துவிட்டால், அதற்கு மேல் சுரண்டுவது வீண் இழப்பு. வராத இடங்களில் மட்டும் 1000, 1500, 2000 எண் பேப்பர்களை வரிசையாக, தண்ணீர் விட்டு, கையழுத்தத்திலேயே தேய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தேய்க்கும் முன் பென்சிலால் மெல்லிய கோடுகள் போட்டுக்கொண்டால், கோடு அழிந்த இடத்தில் கையை நிறுத்திவிடலாம். வளைவான விளிம்புகளில் ஜெல்கோட் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பதால், அங்கும் ரிவெட்டுகளின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

காம்பவுண்டுக்குப் பின் மென்மையான பாலிஷ், அதன் மேல் மெழுகு. மெழுகுக்குப் பதிலாகத் தரைக்குப் போடும் அக்ரிலிக் பாலிஷைப் பூசும் பழக்கம் சிலரிடம் உண்டு. முதல் நாள் கண்ணாடிபோல மின்னினாலும், அது பின்னர் மஞ்சளித்து உரியத் தொடங்கினால், அதை நீக்குவதே தனி வேலையாகிவிடும். ஆகவே நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெயில் நேராக விழும் கூரைதான் முதலில் வெளுக்கும். அங்கே மழைநீர் முத்து முத்தாக நிற்காமல் படர்ந்து ஓடத் தொடங்கினால், மெழுகு தேய்ந்துவிட்டது. பொடி கையில் ஒட்டும்வரை காத்திராமல் அன்றே மறுபடி பூசிவிடுங்கள்.